படத்தை யார் வைத்திருப்பது? கனடிய முதற்குடிகளின் அறிவும் ஓவியச் சிகிச்சையும்

வடலி எழுதியது:

கனடாவில் ஓவியச் சிகிச்சை தொடங்கிய கதையில் செல்வின் டியூட்னியைத் தவிர்க்க முடியாது. ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரிலிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில், போரிலிருந்து மனம் நொறுங்கித் திரும்பிய படையினரோடு 1940களின் பிற்பகுதியிலிருந்து அவர் ஓவியம் வழியாகப் பணியாற்றினார். அதே மனிதர் கோடை வந்தால் படகேறி, பேரேரிகள் பகுதியின் முதற்குடிகளான அனிசினாபே மக்களின் முன்னோர் செங்காவியால் தீட்டிய பாறை ஓவியங்களைத் தேடிப் போனார். சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள அகவா பாறையை 1958இல் சென்றடைந்தார். அவருக்கு வழிகாட்டிய 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பை எழுதியவர் ஸ்கூல்கிராஃப்ட் என்ற அமெரிக்க இனவரைவியலாளர். அந்த ஸ்கூல்கிராஃப்டுக்கு உருவங்களைப் பிர்ச் மரப்பட்டையில் வரைந்து காட்டியவர் அனிசினாபே மக்களின் ஒரு பிரிவான ஒஜிப்வேயரின் தலைவர் சிங்வாக்கோன்ஸ். டியூட்னி நனைத்த ஜப்பானியத் தாளைப் பாறைமீது படியவைத்து, அதன் ஊடே தெரிந்த கொம்புள்ள நீர்த்தெய்வமான மிசிபெசுவையும் படகுகளையும் வண்ணக்கட்டியால் படியெடுத்தார். 1960இல் ஒஜிப்வே ஓவியர் நோர்வல் மொரிசோவைச் சந்தித்தார்; மொரிசோ எழுதிய ஒஜிப்வே மரபுக் கதைகள் அவருடைய பதிப்பில் 1965இல் நூலாக வந்தன. 1975இல் மிடேவிவின் என்ற ஒஜிப்வே வைத்திய, ஆன்மிகச் சங்கத்தின் சடங்கினரின் மரப்பட்டைச் சுருள்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

ஆக, முதற்குடிகளின் படிம மரபும் மேற்கின் ஓவியச் சிகிச்சையும் இந்த நாட்டில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரே மனிதரிடம் சந்தித்துவிட்டன. இன்று பயிற்சிப் பட்டறைகளில் இரண்டையும் இணைப்பது பற்றிப் புதிதாக ஏதோ கண்டுபிடித்ததைப் போலப் பேசும்போது எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வருகிறது. டியூட்னிக்கு ஆர்வம் இருந்தது, மரியாதையும் இருந்தது. ஆனால் எதை வெளியே காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த மக்களின் கையில் இருக்கவில்லை. மேற்குக் கரையின் பொட்லாச் விருந்துச் சடங்கையே 1885 முதல் 1951 வரை கனடியச் சட்டம் தடைசெய்து வைத்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் காலத்தில் அதிகாரம் எங்கே இருந்தது என்பது விளங்கும். மொரிசோ மீதேகூட, புனிதமானவற்றை வெளியாருக்கு வரைந்து காட்டுகிறார் என்று மூத்தோர் சிலர் சினம் கொண்டார்கள்.

நான் வட ஒன்ராறியோவில் பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளராகப் பணியாற்றுகிறேன்; ஓவியச் சிகிச்சையே என் பயிற்சி. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் அனிசினாபே, கிரீ மக்கள். முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். எங்களுக்குக் கற்பிக்கப்படும் இணைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: தொடக்கத்தில் சேஜ் என்ற மூலிகை இலையைக் கொளுத்திப் புகை காட்டுவது, ஒரு மேளம், நான்கு திசை வட்டம் அச்சிட்ட தாள், பிறகு வழக்கம் போலப் படம் வரையச் செய்து, ‘இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டு, முடிவில் படத்தைக் கோப்பில் வைத்துப் பூட்டுவது. புகையும் மேளமும் சேர்ந்தனவே தவிர, படம் யாருடையது, அதைப் பற்றி யார் எப்போது பேசலாம், அது எங்கே போகும் என்ற கேள்விகள் தொட்டும் பார்க்கப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. அனிசினாபே மரபில் புனிதக் கதைகளைப் பனி தரையில் கிடக்கும் காலத்தில்தான் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் ஒருவர் நீர்த்தெய்வத்தை வரைந்துவிட்டு மௌனமாக இருந்தால், என் பாடநூல் அதைத் தயக்கம் என்றோ எதிர்ப்பு என்றோ குறித்துக்கொள்ளச் சொல்லும். அவர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார் என்பதே உண்மையாக இருக்கலாம்.

இன்னொன்று, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். மணிவேலைக் குழு ஒன்றில் ஓர் அம்மா தோல் துண்டில் பூ ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தார். ஒரே சீராகச் சிவப்பு மணிகள் போய்க்கொண்டிருந்த இதழின் நடுவில் ஒரு நீல மணி விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். மனிதர் செய்வது எதுவும் பழுதற்றதாக இருக்கலாகாது என்பதற்காக வேண்டுமென்றே ஒரு மணியை நிறம் மாற்றிக் கோப்பது அவர்களிடையே உள்ள வழக்கம். அந்த அம்மா பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல் தடவையாக அதைச் செய்தார் என்று மூதாட்டி பின்னர் எனக்குச் சொன்னார். சிகிச்சை நடந்தது அந்த மணியில்தான். நான் கேட்கவிருந்த கேள்வி அதைக் கலைத்திருக்கும்.

ஆகவே என் நிலைப்பாட்டை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருளையும் சடங்கையும் அறைக்குள் கொண்டுவருகிறோம் என்பதைக் கொண்டு இணைப்பை அளக்க முடியாது. படத்தின் மீதான தீர்மானம் யாரிடம் இருக்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். மாற்றுக் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

செம்பருத்தி எழுதியது:

வணக்கம் வடலி அக்கா. நான் கோவையில் உளவியல் முதுகலை படிக்கிறேன். இணையவழி ஆர்ட் தெரபி சான்றிதழ் வகுப்பு ஒன்றில் நீங்கள் சொல்லும் அதே நான்கு திசை வட்டத் தாளை எங்களுக்கும் கொடுத்தார்கள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என நான்கு பகுதிகள். உடல், மனம், உணர்ச்சி, ஆன்மா என்று நிரப்ப வேண்டும். ‘அமெரிக்கப் பழங்குடியினரின் முறை’ என்று ஒரு வரி மட்டும் கீழே இருந்தது. மாணவர்களுக்கு அது பிடித்தும் இருந்தது. இதை இங்கே பயன்படுத்துவது தவறா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

கார்த்திகைப்பூ எழுதியது:

செம்பருத்தி, அந்த வட்டம் சமவெளிப் பகுதியினரிடமும் அனிசினாபே மக்களிடமும் இன்று பரவலாக இருக்கிறது. ஆனால் இனுயிற் மக்களுக்கோ ஹைடா மக்களுக்கோ அது மரபுவழி வந்ததல்ல. ‘அமெரிக்கப் பழங்குடியினர்’ என்று ஒரே மக்கள் இல்லை. கனடாவில் மட்டும் 600க்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் உண்டு. திசைக்குரிய நிறங்களும் இடத்துக்கு இடம் மாறும். ஒரு குறிப்பிட்ட சமூகத்து மூத்தவர் தம்முடைய மக்களுக்குக் கற்பிக்கும் வட்டம் வேறு. எந்தச் சமூகத்துடையது என்ற தகவலே இல்லாமல் கோவைக்கு வந்து சேர்ந்த தாள் வேறு. மண்டலம் என்ற நம் வட்டச் சித்திரத்தை நிறந்தீட்டும் புத்தகமாக்கி நமக்கே திருப்பி விற்கும்போது நமக்குள் எழும் சிறு எரிச்சலை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நான் வினிபெக்கில் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். முன்பு ஒன்ராறியோவில் இருந்தேன். வடலி சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இணைப்பு நடைமுறையில் சிக்குவது அங்கேதான். ஒன்ராறியோவின் 1991ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, முதற்குடி மக்களுக்கு மரபுவழிச் சேவை அளிக்கும் முதற்குடி வைத்தியர்களையும் மருத்துவிச்சிகளையும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அது நல்லது, அவர்கள் யாரிடமும் உரிமம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. உளச்சிகிச்சை செய்யும் ஓவியச் சிகிச்சையாளரோ ‘கல்லூரி’ என்று அழைக்கப்படும் தொழில் ஒழுங்குமுறை அமைப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கடைசிச் சந்திப்பிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கோப்பைப் பாதுகாக்க வேண்டும்; வாடிக்கையாளர் சிறுவராக இருந்தால் அவருக்கு 18 வயது ஆனதிலிருந்து 10 ஆண்டுகள்.

இப்போது இருவரும் ஒரே அறையில் ஒரே மனிதரோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூத்தவர் சொல்வது எழுதப்படக்கூடாதது; சிகிச்சையாளர் எழுதியே ஆக வேண்டியவர். மூத்தவர் அந்த மனிதரின் சித்தியாகவும் இருக்கக்கூடும். சிறிய ஊர்களில் அது மிகச் சாதாரணம். சிகிச்சையாளருக்கோ உறவினரைச் சிகிச்சைக்கு எடுப்பது தடை. எந்தப் பட்டறையிலும் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

தணிகை எழுதியது:

திருமதி வடலி அவர்களின் பதிவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் சற்றுக் கறாராகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சென்னையில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றுகிறேன்.

முதலாவதாக, ‘மேற்கத்திய முறை’ என்று நாம் எதை நிறுவப்பட்டதாக எடுத்துக்கொள்கிறோமோ அதுவே உறுதியாக நிற்கவில்லை. பிரிட்டனில் 417 பேரை வைத்து நடத்தி 2012இல் வெளியான மாட்டிஸ் ஆய்வு, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு குழு ஓவியச் சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று கண்டது. அப்படியிருக்க, பலன் தெளிவாகாத ஒன்றோடு, பலனை அளக்கவே கூடாது என்று சொல்லும் இன்னொன்றைச் சேர்த்து, அதற்கு அரசு நிதியும் கேட்பது எவ்வகையில் நியாயம்? பண்பாட்டு மரியாதை ஒரு நற்பண்பு. அது தானாகவே நோய் தீர்க்கும் என்று கருதுவதற்கு ஆதாரம் வேண்டும்.

இரண்டாவதாக, ஆபத்து. ஓர் இளைஞர் தூக்குக் கயிற்றை வரைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது, படம் அவருடைய சமூகத்துக்குரியது, வேண்டுமானால் எரித்துவிடலாம் என்றால், நாளை மரண விசாரணையில் யார் பதில் சொல்வது? கோப்பு என்பது அதிகாரிகளின் வசதிக்காக மட்டும் பிறந்ததல்ல. கவனக்குறைவான சிகிச்சையாளரிடமிருந்து நோயாளியைக் காப்பதற்கும் அதுவே சாட்சி.

மூன்றாவதாக ஒரு சிறு ஐயம். மூத்தவர் என்றாலே ஞானி என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலை நம் ஊரில் எவ்வளவு கேடு செய்திருக்கிறது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வடலி எழுதியது:

தணிகை ஐயா, மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதில் நாம் ஒத்துப்போகிறோம். எங்கள் நிலையத்தில் மூத்தோரைத் தெரிவுசெய்வது நிலையம் அல்ல. அந்தந்தச் சமூகத்தின் சுகாதாரக் குழுவே பெயர்களைத் தருகிறது, திரும்பப் பெறவும் செய்கிறது. வதிவிடப் பாடசாலைகளில் வளர்ந்த தலைமுறையில் காயப்பட்டவர்களும் இருக்கிறார்கள், பிறரைக் காயப்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். இதை எங்களைவிட அந்தச் சமூகங்கள் நன்றாக அறியும்.

மாட்டிஸ் ஆய்வை நீங்கள் சரியாகவே சொன்னீர்கள். ஆனால் அந்த ஆய்வில் குழுவுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பலர் ஒழுங்காக வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மக்கள் வராத அறையில் எந்த முறையும் வேலை செய்யாது. நான் பேசுவது பெருமளவில் அதைப் பற்றித்தான்: பிள்ளைகளைப் பறித்தவர்களும் கோப்பு வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளின் வழியாகக் கடந்தார்கள். கோப்பைக் கண்டதும் எழுந்து போய்விடுகிறவரிடம் கோப்பின் நற்பயனை எப்படி விளக்குவது?

ஆதாரம் கேட்டீர்கள். சாண்ட்லர், லலோண்ட் இருவரும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதற்குடிச் சமூகங்களில் இளையோர் தற்கொலையை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். தன்னாட்சி, நில உரிமைக் கோரிக்கை, கல்வி, சுகாதாரம், காவல் மற்றும் தீயணைப்பு, பண்பாட்டு நிலையம் என்ற ஆறும் தம் கையில் இருந்த சமூகங்களில் அவர்கள் ஆராய்ந்த ஐந்தாண்டுக் காலத்தில் இளையோர் தற்கொலை ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆறில் எதுவுமே இல்லாத இடங்களில் நிலைமை மிக மோசமாக இருந்தது. இது ஓவியச் சிகிச்சையைப் பற்றிய ஆய்வல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஆம், அல்ல. ஆனால் அந்த ஆறையும் மறுபடி பாருங்கள். பண்பாட்டு நிலையம் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் நிர்வாகம்: யார் தீர்மானிக்கிறார்கள் என்பது. மேளத்தையும் புகையையும் அவர்கள் எண்ணவில்லை.

தூக்குக் கயிற்றுப் படம் பற்றி: உயிர் ஆபத்தில் நான் நேரடியாகக் கேட்பேன், எழுதுவேன், தேவையானால் தொலைபேசியில் அழைப்பேன். இதைக் குழு தொடங்கும் நாளிலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறோம், மூத்தோரும் அதற்கு உடன்பட்டிருக்கிறார்கள். ஆபத்தை மதிப்பிடுவது வேறு, படத்துக்குப் பொருள் சொல்வது வேறு. நம் துறையில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பதற்கு ஓவியச் சிகிச்சையின் முன்னோடி மார்கரெட் நௌம்பர்க் காலத்து உளப்பகுப்பாய்வே காரணம்: படம் என்பது அடிமனத்தின் பேச்சு, அதைப் பேச வைக்க வேண்டும் என்று அவர் கருதினார். இன்னொரு முன்னோடியான ஈடித் கிராமர் அப்படி நினைக்கவில்லை. செய்யும் செயலே ஆற்றும் என்றார். மணிவேலைக் குழு நடத்தும் மூதாட்டிக்கும் கிராமருக்கும் அதிக தூரம் இல்லை. மேற்குக்குள்ளும் இரண்டு குரல் உண்டு என்பதை நாமே மறந்துபோகிறோம்.

மட்டுநகரான் எழுதியது:

தங்கச்சி வடலிக்கும் ஏனையோருக்கும் வணக்கம். போர்க்காலத்திலும் ஆழிப்பேரலைக்குப் பிறகும் மட்டக்களப்பில் உளசமூகப் பணி செய்தவன் என்ற வகையில் எழுதுகிறேன். கனடாவும் நாங்களும் இந்த விடயத்தில் ஏற்கனவே சந்தித்திருக்கிறோம். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை உருவாக்கியவர்களில் ஒருவர் ரொறன்ரோவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகன். அவரோடு நின்றவர் இயேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளார். ரொறன்ரோவில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்காக இருந்த ஸ்பைரல் கார்டன் என்ற தோட்டத்தின் அனுபவத்தோடு ஹோகன் வந்தார்.

அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வாரத்துக்கு ஒரு நாள் வீதம் பல மாதங்கள் வந்து போனார்கள். களிமண், படம், கதை, ஆட்டம் எல்லாம் இருந்தன. எந்தப் பிள்ளையிடமும் ‘உனக்கு என்ன நடந்தது, வரை’ என்று கேட்கும் முறை அங்கே இருக்கவில்லை. பிள்ளைகளோடு இருந்த வழிநடத்துநர்கள் எங்கள் ஊரவர்களே. அவர்களும் அதே போரில் அடிபட்டவர்கள். கொண்டுவந்த முறை ஊர் ஆட்களின் கையில் போய்ச் சேர்ந்ததால்தான் அது எங்களுடையதாயிற்று என்று நான் கருதுகிறேன்.

அதற்கு நேர்மாறானதையும் 2005இல் பார்த்தேன். பேரலைக்குப் பிறகு வெளிநாட்டு அமைப்புகள் வண்ணப் பென்சில் பெட்டிகளோடு முகாம் முகாமாக இறங்கின. பிள்ளைகளை வரிசையில் இருத்தி அலையை வரையச் சொன்னார்கள். ஒரு முகாமில் ஒரு பெண் பிள்ளை வீட்டையும் அதற்குப் பக்கத்தில் ஒரு மாட்டையும் வரைந்தாள். பணியாளர், அலை எங்கே என்று கேட்டார். பிள்ளை நீலப் பென்சிலை எடுத்து வீட்டுக்கு மேலே ஒரு கோடு இழுத்துக் கொடுத்தாள். படங்கள் எல்லாம் பெட்டியில் போயின; பின்னர் அறிக்கைகளில் அட்டைப்படமாக வந்தன. பெற்றோரிடம் கேட்டதை நான் காணவில்லை. வடலி கேட்கும் கேள்வியை அன்று யாராவது அந்த முகாமில் கேட்டிருக்க வேண்டும்.

தணிகை ஐயாவுக்கு ஒன்று. காணாமற்போன மகனைத் தேடிய தாய்மார் எங்கள் பகுதியில் அம்மன் கோயிலில் வாக்குக் கேட்கப் போனார்கள். அதே தாய்மார் மறுநாள் எங்களிடமும் வந்தார்கள். அங்கே போகாதீர்கள் என்று நாங்கள் சொன்னதில்லை. தெய்வம் ஆடுபவரை எங்கள் அலுவலகத்தில் கதிரை போட்டு இருத்தவும் முயன்றதில்லை. இரண்டும் தத்தம் இடத்தில் நின்றன. ஒரே அறைக்குள் எல்லாவற்றையும் கொண்டுவந்தால்தான் இணைப்பு என்பதில் எனக்கு ஐமிச்சம் உண்டு. கனடாவின் கிழக்குக் கரை மிக்மாக் மக்களின் மூத்தவர் அல்பேர்ட் மார்ஷல் 2004இல் முன்வைத்த, ஒரு கண்ணால் முதற்குடி அறிவையும் மறு கண்ணால் மேற்கின் அறிவையும் கொண்டு நோக்கும் ‘இரு கண்களால் பார்த்தல்’ என்ற கருத்தைக் கனடியப் பணியாளர்கள் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கண்ணை மற்றக் கண்ணுக்குள் கரைத்துவிடும்படி அவர் சொன்னதாக எனக்கு விளங்கவில்லை.

இளவேனில் எழுதியது:

வன்கூவர் தீவிலிருந்து எழுதுகிறேன். அருங்காட்சியகத் துறையில் இருப்பவள். படத்தை யார் வைத்திருப்பது என்ற கேள்விக்கு இங்கே நடந்த இரண்டு விடயங்கள் நேரடியாகப் பதில் சொல்கின்றன.

ஒன்று, அல்பேர்னி வதிவிடப் பாடசாலையின் படங்கள். ரொபர்ட் அல்லர் என்ற ஓவியர் 1950களின் இறுதியிலிருந்து அங்கே பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்தார். எதை வரைவது என்பதை அவர் பிள்ளைகளிடமே விட்டார். தம் மொழியைப் பேசினாலே தண்டனை கிடைத்த வளாகத்தில், ஊரின் கடலையும் முகமூடியையும் வரைய அனுமதித்த ஒரே இடம் அந்த வகுப்பு. அது சிகிச்சை என்ற பெயரில் நடக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் மட்டும் தாம் பாதுகாப்பாக உணர்ந்ததாக முதியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகள் பின்னாளில் சொன்னார்கள். அல்லர் படங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அவர் இறந்த பின் குடும்பத்தினர் தொகுப்பை விக்ரோறியா பல்கலைக்கழகத்துக்கு அளித்தார்கள். அதில் அல்பேர்னிப் பிள்ளைகளின் படங்கள் ஏறத்தாழ 50 இருந்தன.

இங்கே பல்கலைக்கழகம் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். மானுடவியலாளர் அன்ட்ரியா வோல்ஷ், உயிர்பிழைத்தவர்களோடும் மூத்தோரோடும் சேர்ந்து படங்களின் உரிமையாளர்களைத் தேடினார். 2013இல் போர்ட் அல்பேர்னியில் விருந்து வைத்து, ஊர் சாட்சியாக இருக்க, வரைந்தவர்களிடமும் அவர்களின் குடும்பங்களிடமும் படங்கள் கையளிக்கப்பட்டன. மேற்குக் கரை மரபில் உரிமை என்பது சாட்சிகள் முன்னிலையில் உறுதியாவது. பத்திரத்தில் கையெழுத்து வாங்கி அஞ்சலில் அனுப்பியிருந்தால் அது திருப்பிக் கொடுத்ததாகவே ஆகியிராது. சிலர் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சிலர், இனி எங்கள் சம்மதத்தோடு காட்டுங்கள் என்று பல்கலைக்கழகத்திடமே பாதுகாக்கக் கொடுத்தார்கள். முன்பு ஒருவரும் கேட்காத சம்மதத்தை இப்போது அவர்களே கொடுத்தது, என் பார்வையில், ஓவிய வகுப்பைவிடப் பெரிய ஆற்றுதல்.

இரண்டாவது, கேரி நியூமன் என்ற, குவாக்குவாக்காவக்க, கடற்கரை சலிஷ் ஆகிய மேற்குக் கரை முதற்குடி மரபுகளைச் சேர்ந்த செதுக்குச் சிற்பி செய்த ‘சாட்சிப் போர்வை’. வதிவிடப் பாடசாலைகளிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் உயிர்பிழைத்தவர்களிடமிருந்தும் வந்த 800க்கும் மேற்பட்ட பொருட்களைத் தேவதாரு மரச் சட்டங்களில் பதித்த நீண்ட சுவர் அது. வெட்டப்பட்ட ஒரு சடை அதில் இருக்கிறது. ஒரு குழந்தையின் சப்பாத்து இருக்கிறது. அதை வினிபெக்கிலுள்ள கனடிய மனித உரிமை அருங்காட்சியகம் பெறவேண்டி வந்தபோது, வழமையான கொள்வனவுப் பத்திரத்தில் கையெழுத்திட நியூமன் மறுத்தார். பிறருடைய வேதனையை விற்கும் உரிமை தமக்கு இல்லை என்பது அவர் நிலை. கடைசியில் 2019இல் ஓர் உடன்பாடு செய்தார்கள்: படைப்புக்கே சட்ட உரிமையுள்ள ஓர் ஆளின் தகுதி கொடுத்து, சிற்பியும் அருங்காட்சியகமும் அதன் கூட்டுப் பொறுப்பாளர்கள் ஆனார்கள். எழுத்துப் பத்திரம் ஒன்று உண்டு. அதே உடன்பாட்டைக் கோமொக்ஸில் உள்ள குமுக்வே பெரிய வீடு என்ற சடங்கு மண்டபத்தில் சாட்சிகள் முன் வாய்மொழியாகவும் செய்தார்கள். எழுத்துக்கும் வாய்மொழிக்கும் சம மதிப்பு என்பது உடன்பாட்டிலேயே இருக்கிறது.

இது சிகிச்சை அறை அல்ல, தெரியும். ஆனால் மேற்கின் சட்டமும் கரையோரத்தின் சட்டமும் ஒன்றையொன்று விழுங்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு பத்திரத்தை அருங்காட்சியகத்தால் எழுத முடியுமென்றால், சம்மதப் படிவம் ஒன்றை எழுத ஒரு சிகிச்சை நிலையத்தால் ஏன் முடியாது?

தணிகை எழுதியது:

சாண்ட்லர், லலோண்ட் கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது காட்டுவது உடன்நிகழ்வு. காரணம் என்று சொல்லிவிட முடியாது. தன்னாட்சியை எட்டிய சமூகங்கள் வேறு பல வகைகளிலும் வலுவானவையாக இருந்திருக்கலாம். எனினும், அந்த ஆறு அளவுகோல்களும் பெரும்பாலும் அதிகாரத்தைப் பற்றியவை என்ற வடலி அவர்களின் வாசிப்பு பொருத்தமானதுதான்.

ஆபத்து மதிப்பீட்டையும் பொருள் சொல்வதையும் பிரிக்கலாம் என்ற விளக்கத்தை ஏற்கிறேன். எரித்துவிட்ட படம் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது. கோப்பில் என்ன எழுதுவீர்கள்?

கார்த்திகைப்பூ எழுதியது:

எரிப்பது பற்றி ஒரு தகவல். வதிவிடப் பாடசாலைகளை ஆராய்ந்த, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் தேசியக் கூட்டங்களில், சாட்சியம் சொன்னவர்களும் கேட்டவர்களும் கண்ணீர் துடைத்த காகிதத் துவாலைகளைக் குப்பையில் போடவில்லை. கூடைகளில் சேர்த்துப் புனித நெருப்பில் இட்டார்கள். அதே கூட்டங்களில் ஒலி, ஒளிப்பதிவும் நடந்தது. சாட்சியங்கள் இன்று மனிற்றோபா பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நிலையத்தில் இருக்கின்றன. வாக்குமூலம் ஆவணக் காப்பகத்துக்கு, கண்ணீர் நெருப்புக்கு. எது எங்கே போக வேண்டும் என்பதை அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். லூக் மார்ஸ்டன் செதுக்கிய, ஒரே தேவதாருப் பலகையை ஆவியில் வளைத்துச் செய்த பெட்டியும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனது. கோப்பில் வைக்க முடியாதவற்றை மக்கள் அதில் இட்டார்கள்.

செயலில் இறங்கும்படி ஆணைக்குழு விடுத்த 94 அழைப்புகளில் 22ஆவது, முதற்குடி நோயாளர் கேட்கும் இடத்தில் முதற்குடி வைத்தியரோடும் மூத்தோரோடும் சேர்ந்து மரபுவழிச் சிகிச்சையைப் பயன்படுத்தச் சொல்கிறது. ‘கேட்கும் இடத்தில்’ என்பதை எங்கள் மருத்துவமனையில் பலர் வாசிப்பதே இல்லை. முதற்குடிப் பெயர் கொண்டவர் வந்தாலே சேஜ் கட்டை நீட்டுகிறார்கள். வந்தவர் மூன்று தலைமுறையாக அங்கிலிக்கன் தேவாலயத்துக்குப் போகிறவராக இருக்கலாம். அவருக்கு அந்தப் புகை சங்கடமாகவும் இருக்கலாம்.

செம்பருத்தி எழுதியது:

அக்காமாருக்கு நன்றி. அந்தத் தாளை எங்கள் குழு இனிப் பயன்படுத்தப் போவதில்லை. அப்படியானால் நாங்கள் கோலத்தையோ ஒப்பாரியையோ எடுக்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்கிறாள். அதிலும் இதே கேள்வி வருமா?

மட்டுநகரான் எழுதியது:

வரும் பிள்ளை. ஒப்பாரி சொல்லும் பெண்களிடம் போய்க் கேளுங்கள்; வகுப்பறையில் இருந்துகொண்டு தீர்மானிக்க வேண்டாம். இழவு வீட்டுக்கு வெளியே அதைப் பாடவே கூடாது என்று நினைப்பவர்களும் இருப்பார்கள்.

வடலி எழுதியது:

தணிகை ஐயாவின் கேள்விக்கு எங்கள் நிலையத்தின் நடைமுறையைச் சொல்கிறேன். இளவேனில் கேட்ட சம்மதப் படிவத்தை நாங்கள் கடந்த ஆண்டு மூத்தோர் குழுவோடு உட்கார்ந்து திருத்தினோம். பழைய படிவத்தில், சந்திப்பின்போது உருவாகும் படைப்புகள் நிலையத்தின் பாதுகாப்பில் வைக்கப்படும் என்று ஒரே வரி இருந்தது. புதிய படிவத்தில் அந்த வரி இல்லை. படைத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், யாருக்கேனும் கொடுக்கலாம், நெருப்புக்கோ நீருக்கோ கொடுக்கலாம், எங்களிடம் வைக்கலாம். எங்களிடம் வைத்ததை எந்த நாளிலும் திரும்பக் கேட்கலாம். எங்கள் கோப்பில் என் குறிப்பு மட்டும் இருக்கும்: இன்ன நாளில் மணிவேலை செய்தார், ஆபத்து மதிப்பீடு இன்னது, படைப்பை இன்ன வழியில் அவரே அனுப்பிவைத்தார். படத்தில் என்ன இருந்தது என்பதை அவர் விரும்பினால் மட்டுமே எழுதுகிறேன். உயிர் ஆபத்து இருந்தால் அவர் விரும்பாவிட்டாலும் எழுதுவேன் என்பதும் படிவத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. குழுவில் மூத்தவர் சொல்வது எதுவும் என் குறிப்பில் வராது. அவர் என் மேற்பார்வையில் பணியாற்றுபவர் அல்லர் என்றும் எழுதிவைத்திருக்கிறோம், ஏனெனில் கார்த்திகைப்பூ சொன்ன 35ஆம் பிரிவின்படி அவர் நிற்கும் தளம் வேறு. படிவத்தை வாசித்துக் கையெழுத்திட விரும்பாதவர்களுக்கு அதை மூத்தவர் முன்னிலையில் வாய்மொழியாகச் சொல்லி, அவர்கள் மரபுப்படி புகையிலை கொடுத்து உடன்பாடு செய்துகொள்கிறோம். நான் அதை ஒரு வரியில் பதிவுசெய்கிறேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. அது ஒளிப்படம். பனிப்பாதையிலும் விமானத்திலும் மட்டுமே போகக்கூடிய ஊர்களோடு காணொளி வழியாகச் சந்திக்கிறோம். அவர்கள் தம் படத்தைத் தொலைபேசியில் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். தாள் அவர்களிடம் இருக்கிறது, அதன் பிம்பமோ எங்கோ ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் இருக்கிறது. தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் நான்கும் சமூகத்துக்கே உரியவை என்று முதற்குடிகள் 1998 முதல் வகுத்துவந்த நெறிக்கு இது எப்படியும் பொருந்தாது. சந்திப்பு முடிந்தவுடன் என் பக்கத்துப் பிரதியை அழித்துவிடுகிறேன். அது போதாது என்று குழுவில் இருவர் சொல்கிறார்கள், படமே அனுப்பாமல் கமெராவின் முன் பிடித்துக் காட்டட்டும் என்பது அவர்கள் யோசனை. இணைய வேகம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பிரிவை மறுபடி எடுக்கிறோம். முடிந்ததும் படிவத்தின் தமிழ் வடிவத்தை இங்கே இடுகிறேன். மட்டுநகரான் அண்ணா அதைத் தம் பகுதிக்கு ஏற்றவாறு வெட்டித் திருத்திக்கொள்ளலாம்.